எக்ஸ்-ரே எடுக்கக் கற்பவர்கள்

"மூச்சை நன்றாக உள்ளே இழுங்கள், அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள், அசையாதீர்கள்." நெஞ்சு எக்ஸ்-ரே எடுத்துக்கொண்டவர் எவரும் இந்த மூன்று கட்டளைகளைக் கேட்டிருப்பர். சொன்னவர் ஒரு தடுப்புச் சுவருக்கு அப்பால் நின்றிருப்பார். மெல்லியதோர் ஒலி எழும், "மூச்சை விடலாம்" என்ற அனுமதி கிடைக்கும், காரியம் முடிந்துவிடும். படத்தைப் பார்ப்பவர் மருத்துவர். நோயின் பெயரைச் சொல்பவரும் மருத்துவர். ஆதலால் அந்தச் சுவருக்குப் பின்னால் நின்றவரைப் பற்றி நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. பொத்தானை அழுத்துகிறவர் என்ற அளவோடு அவரை மறந்துவிடுகிறோம்.

அந்தப் பொத்தானை அழுத்தக் கற்றுக்கொள்ள மூன்று ஆண்டுப் படிப்பும், அதன்மேல் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் வேண்டியிருக்கின்றன என்றால் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பெங்களூரில் தலைமையிடம் கொண்டு 1996-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் ராஜீவ் காந்தி சுகாதார விஞ்ஞானப் பல்கலைக்கழகம் இப்படிப்புக்குப் பட்டம் அளிக்கிறது. செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் இது கற்பிக்கப்படுகிறது. மூளை, நரம்பு, மனநலம் ஆகியவற்றுக்கென அமைந்த நிம்ஹான்ஸ் நிலையத்தில் தனியே ஒரு கதிர்ப்படப் பட்டப்படிப்பு உண்டு. இந்நகரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான பி.யூ.சி.யை விஞ்ஞானப் பாடத்தில் முடித்த பிள்ளைகள் பலர் இப்படிப்பை நாடி வருகின்றனர். அவர்களுடைய பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றே: "அங்கே அப்படி என்னதான் கற்றுக்கொடுக்கிறார்கள்?" அக்கேள்விக்கு விடை கூறுவதே இப்பேச்சின் நோக்கம்.

சுருங்கச் சொன்னால், முதலில் எடுக்கும் படமே போதுமானதாக இருக்கும்படி எடுக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். இது எளிய காரியமாகத் தோன்றும். ஆனால் படிப்பு முழுவதும் இதிலேதான் அடங்கியிருக்கிறது. கெட்டுப்போன படத்தை மீண்டும் எடுக்கலாம். ஆயின் நோயாளியின் உடலில் ஒருமுறை புகுந்த கதிரைத் திரும்பப் பெற இயலாது. கெட்டுப்போன படத்தை மீண்டும் எடுக்காமல் விட்டாலோ, அதைவிடப் பெரிய தீங்கு விளையக்கூடும்.

அந்தத் தீங்கு எத்தகையது என்பதை உணரத் தமிழருக்கு நெருக்கமான ஓர் இடத்தை நினைவூட்டுகிறோம். பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலில், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்ற தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் உழைத்தார்கள். தங்கம் தாங்கிய பாறை படிகக்கல் பாறை. அதை உடைக்கும்போதும் துளையிடும்போதும் எழும் நுண்தூசி நுரையீரலில் படிந்து, வருடங்கள் செல்லச் செல்ல அதை இறுகச் செய்துவிடும். சிலிகோசிஸ் என்னும் இந்நோய் இந்தியாவில் உள்ளதென முதன்முதலாக அறிவிக்கப்பட்டது 1947-இல். அறிவிக்கப்பட்ட இடம் கோலார் தங்கவயல். 1940-களில் அங்கே ஆயிரக்கணக்கான தொழிலாளரைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோரிடம் இதன் அடையாளங்கள் தென்பட்டன. சுரங்கம் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் மூடப்பட்டுவிட்டது. நுரையீரலில் படிந்த தூசியோ, அதைச் சுவாசித்தவர் உயிரோடு இருக்கும் வரை அவரோடு இருப்பது.

இந்நோயைக் காட்டிக்கொடுப்பது நெஞ்சு எக்ஸ்-ரே படம். நுரையீரலின் மேற்பகுதிகளில் கடுகு போலவும் கடுகினும் சிறியனவாகவும் புள்ளிகள் தெரியும். கதிரின் அளவு மிகுந்துவிட்டால் படம் கருத்து, அந்தப் புள்ளிகள் கரைந்துபோகும். கதிர் குறைந்தாலோ, மூச்சு முழுமையாக இழுக்கப்படாவிட்டாலோ, இயல்பான இரத்தக் குழாய்களே புள்ளிகளைப் போல மயக்கம் தரும். முன்னதில், நோயுற்ற தொழிலாளிக்கு உரிய நஷ்டஈடு இல்லாமற் போகலாம். பின்னதில், நோயில்லாதவன் நோயாளி எனப் பெயர் பெறலாம். சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் இத்தகைய தூசி நோய்ப் படங்களைத் தரம் பிரிக்க ஒரு முறையை வகுத்திருக்கிறது. அம்முறைப்படி மருத்துவர் நுரையீரலைப் பற்றி ஒன்றும் எழுதுமுன், படம் எப்படி எடுக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு ஒன்று முதல் நான்கு வரை மதிப்பிட வேண்டும். நான்கு என்றால் அப்படம் கொண்டு எதையும் முடிவு செய்யலாகாது என்பது பொருள். ஓர் உழைப்பாளியின் முதுமைக்கால வாழ்வு, அவர் பெயரறியாத ஒரு ரேடியோகிராபரின் கவனத்தைச் சார்ந்து நிற்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இனி வகுப்பறைக்குள் செல்வோம். முதலாண்டில் உடற்கூறு, உடலியங்கியல், உயிர் வேதியியல், நோய்க்குறியியல், நுண்ணுயிரியல் ஆகியவை பாடங்கள். மற்ற மருத்துவத் துணைப் படிப்புகளுக்கும் இவை பொதுவானவையே. இவற்றைப் பற்றி நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. இதயம் எங்கே இருக்கிறது என்று அறியாதவர் அதைப் படமெடுக்க இயலாது என்பது வெளிப்படை.

இத்தொழிலுக்கே உரிய பாடம் எக்ஸ்-ரே குழாயிலிருந்து தொடங்குகிறது. காற்று நீக்கப்பட்ட ஒரு குழாய். அதன் ஒரு முனையில் சூடேற்றப்பட்ட இழை. அதிலிருந்து புறப்படும் எலெக்ட்ரான்கள் எதிர்முனையிலுள்ள டங்ஸ்டன் தகட்டின்மீது பெருவேகத்தில் மோதுகின்றன. மோதலின் ஆற்றலில் நூற்றுக்கு 99 பங்கு வெப்பமாகிவிடுகிறது. எஞ்சிய ஒரு பங்கே எக்ஸ்-ரே. 1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் கண்டறிந்த கதிர் இன்றளவும் இவ்வழியேதான் பிறக்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் தம் மனைவியின் கையைப் படமெடுத்தார். எலும்புகளும் விரலில் மோதிரமும் தெரிந்த அப்படம் உலகப் புகழ் பெற்றது. மோதிரத்தைக் கழற்றச் சொல்ல வேண்டும் என்ற விதி பின்னர் வந்தது!

மாணவர் இரண்டு எண்களோடு பழக வேண்டும். ஒன்று கிலோவோல்ட், அது கதிரின் ஊடுருவும் வலிமையைக் குறிப்பது. மற்றொன்று மில்லி ஆம்பியரையும் நொடியையும் பெருக்கி வருவது. அது கதிரின் அளவைக் குறிப்பது. சுவரில் ஆணி அறைகிறவருக்குச் சுத்தியலின் கனம் ஒன்று, எத்தனை அடி அடிப்பது என்பது மற்றொன்று அல்லவா? அதுபோலத்தான். ஒல்லியான கிழவிக்கு வேண்டிய அளவு வேறு. பருத்த உடலினருக்கு வேண்டியது வேறு. நுரையீரலில் நீர் கோத்திருப்பவருக்கு வேண்டியது இன்னும் வேறு. இக்காலத்து இயந்திரங்கள் போதிய கதிர் வந்ததும் தாமே நின்றுவிடும் அமைப்பு உடையவை. ஆயினும் நோயாளியைத் தவறான இடத்தில் நிறுத்திவிட்டால் இயந்திரமும் தவறாகவே அளந்து நிற்கும்.

அடுத்தது நிழலின் இலக்கணம். மின்சாரம் நின்றுபோன இரவில் விளக்கின் முன் கையைக் காட்டிச் சுவரில் மானும் முயலும் வரையாத குழந்தை உண்டோ? கை சுவருக்கு அருகில் இருந்தால் நிழல் கையளவாகவும் தெளிவாகவும் விழும். விளக்கின் அருகே கொண்டுபோனால் நிழல் பூதாகாரமாக வளர்ந்து, ஓரங்கள் மங்கிவிடும். எக்ஸ்-ரே படமும் நிழலே. இதயம் மார்பின் முன்பக்கம் அமைந்திருப்பதால் நோயாளியின் மார்பைத் தகட்டின்மேல் ஒட்டவைத்து, முதுகுப்புறமிருந்து, 180 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து கதிரைச் செலுத்துகிறார்கள். அப்போதுதான் இதயத்தின் நிழல் ஏறத்தாழ உண்மை அளவில் விழும். எழுந்து நிற்க இயலாத நோயாளியைப் படுக்கையிலேயே முன்புறமிருந்து படமெடுக்க நேர்ந்தால் இதயம் பெரிதாகத் தெரியும். அவ்வாறு எடுத்ததைப் படத்தின்மேல் குறிக்க மறந்தால், இல்லாத இதய வீக்கம் ஒன்று நோயாளியின் பெயரில் எழுதப்பட்டுவிடலாம்.

தொலைவைப் பற்றிய கணக்கு மாணவரின் சொந்த உடலுக்கும் உரியது. கதிர் புறப்படும் இடத்திலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் இருக்கும் செறிவு, இரண்டு மீட்டரில் நான்கில் ஒரு பங்காகவும், மூன்று மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்காகவும் குறையும். தேர்வுத்தாளில் இதை எழுதாத மாணவர் இல்லை. மருத்துவமனையில் இரண்டடி பின்னால் நகர்ந்து நிற்க நினைவு வைத்துக்கொள்வதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

வகுப்பறையில் கற்றதை முதலில் ஒருவர்மேல் ஒருவர் பழகிப் பார்க்கிறார்கள். ஒரு மாணவரை மேசைமேல் படுக்கவைத்து, முழங்காலை எவ்வளவு மடக்குவது, தோளை எப்படித் திருப்புவது, கதிரின் நடுப்புள்ளி எங்கே விழ வேண்டும் என்றெல்லாம் மற்றவர் பயில்வார். ஆனால் கதிரைச் செலுத்தலாகாது. பயிற்சிக்காக எந்த மனித உடலிலும் கதிர் செலுத்தக்கூடாது என்பது இத்துறையின் கண்டிப்பான அறம். மனித உடலைப்போல் அமைத்த பொம்மைகளை அதற்குப் பயன்படுத்துகிறார்கள்.

பிறகு மருத்துவமனை. தொடக்கத்தில் பார்ப்பது, அடுத்துக் கைகொடுப்பது, அதற்கடுத்துத் தேர்ந்தவர் அருகில் நிற்கத் தானே செய்வது, கடைசியில்தான் தனியே செய்வது. ஒவ்வொரு படமும் பதிவேட்டில் ஏற, மேற்பார்வையாளர் கையொப்பமிடுவார். பெங்களூரில் 1900-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட விக்டோரியா மருத்துவமனை போன்ற பெரிய அரசு மருத்துவமனையின் வாயிலில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தவர்களுக்கு, பாடப் புத்தகத்தில் உள்ள நோயாளிக்கும் நிஜமான நோயாளிக்கும் உள்ள வேற்றுமையை நாம் சொல்ல வேண்டியதில்லை. புத்தகத்து நோயாளி சொன்னபடி திரும்புவார். இங்கே வருபவர் வலியால் துடிப்பவராகவும், காது கேளாதவராகவும், நேற்றிரவு முதல் உண்ணாதவராகவும் இருப்பார்.

இருசக்கர வாகன விபத்தில் அடிபட்டு வந்த இளைஞரை எடுத்துக்கொள்வோம். கழுத்தெலும்பு முறிந்திருக்குமோ என்ற ஐயம் இருக்கும்வரை அவரைப் புரட்டக்கூடாது. நோயாளியைத் தகட்டுக்குத் திருப்பாமல், குழாயையும் தகட்டையும் நோயாளியைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். அன்றியும், அடிபட்ட எலும்பு எதையும் ஒரே பக்கத்திலிருந்து படமெடுத்து அனுப்பலாகாது. ஒரு நாணயத்தை நேரே பார்த்தால் வட்டம். பக்கவாட்டில் பார்த்தால் வெறும் கோடு. முறிவும் அத்தகையதே. நேர்ப்படத்தில் ஒன்றும் தெரியாத விரல், பக்கப்படத்தில் இரண்டாக நிற்கும்.

ஆடை அணி பற்றிய பாடம் ஒன்றுண்டு; அதைப் புத்தகம் ஒரு வரியில் முடித்துவிடும், மருத்துவமனையில் அது நாள்தோறும் வரும் சோதனை. நெஞ்சுப் படத்துக்கு வரும் பெண்ணின் நீண்ட பின்னல் தோள்மேல் கிடந்தால், அதன் நிழல் நுரையீரலின் உச்சியில் விழும். க்ஷயரோகம் பெரும்பாலும் தங்கும் இடமும் அதுவே. ஈரம் உலராத பின்னல் நோயின் நிழலைப்போலவே தோன்றி ஏமாற்றும். பின்னலை உயர்த்தித் தலைமேல் முடியச் சொல்ல வேண்டும். ஊக்கு, சங்கிலி, தாயத்து இவற்றையும் விலக்க வேண்டும். தாலியைக் கழற்றச் சொன்னால் வயதான அம்மையார் ஒருவர் முகம் வாடுவதைக் காணாத ரேடியோகிராபர் தென்னாட்டில் இருக்க மாட்டார். தேர்ந்த கையுடையவர் அங்கே வாதாட மாட்டார். தாலிக்கொடியை நுரையீரலின் நிழலில் படாதவாறு மேலே உயர்த்தி ஒதுக்கிவைத்துக்கொண்டு படமெடுத்துவிடுவார். இது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத பாடம்.

மணமான பெண்களிடம் கருவுற்றிருக்கிறார்களா என்று கேட்பது கட்டாயம். எக்ஸ்-ரே அறையின் வாயிலில், கருவுற்றவர்கள் முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும் என்ற அறிவிப்பும் இருக்க வேண்டும். மணமாகாத பெண்ணிடமும் இதைக் கேட்டாக வேண்டியிருக்கிறது. தாயார் அருகில் நிற்கும்போது கேட்டால் உண்மையான விடை வருமா என்பது வேறு செய்தி. கடைசியாக மாதவிடாய் வந்த நாளைத் தனியே, தாழ்ந்த குரலில், வழக்கமான கேள்வியைப்போலக் கேட்கப் பழக்குகிறார்கள். இருபது வயது மாணவர் ஒருவருக்கு இது எளிதில் வருவதில்லை.

மொழியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் தனி ஆர்வம் உண்டு. பெங்களூர் மருத்துவமனைக்குக் கன்னடர், தமிழர், தெலுங்கர், உருது பேசுவோர், வடநாட்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்தோர் எல்லாரும் வருகின்றனர். 1809-இல் தண்டு எனப்படும் இராணுவப் பாளையம் அமைந்த நாள் முதலாகத் தமிழர் குடியேறிவரும் சிவாஜிநகர், அல்சூர்ப் பகுதிகளில் கன்னடம் சரளமாகப் பேசும் தமிழர் பலர். ஆனால் ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்த பாட்டிக்கு அது தெரியாது.

'உசிரு' என்றால் கன்னடத்தில் மூச்சு. நம்முடைய 'உயிர்' என்ற சொல்லுக்கு அது உடன்பிறப்பு. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்படி சொல்லக் கன்னடத்தில் 'ஹிடி' என்ற வினையைப் பயன்படுத்துவர். பழைய கன்னடத்துப் பகரம் பிற்காலத்தில் ஹகரமாக மாறியதால், நமது 'பிடி' அங்கே 'ஹிடி' ஆயிற்று. நமது வகரமோ பல சொற்களில் கன்னடத்தில் பகரமாக ஒலிக்கும். அதனால் நமது 'விடு' அங்கே 'பிடு' ஆயிற்று. 'விடுங்கள்' என்பது 'பிடி' ஆயிற்று. ஆகவே ரேடியோகிராபர் சுவருக்குப் பின்னாலிருந்து 'பிடி' என்று சொன்னால், மூச்சை விடுங்கள் என்கிறார். தமிழ்ப் பாட்டியின் காதில் விழுவதோ பிடித்துக்கொள் என்ற கட்டளை!

நெஞ்சுப் படத்தில் இதனால் பெருங்கேடு இல்லை. 'பிடி' என்று சொல்லுமுன் படம் எடுத்து முடிந்திருக்கும். வயிற்றுப் படத்தில் அப்படியன்று. வயிற்றைப் படமெடுக்கும்போது மூச்சை வெளியே விட்டு, விட்ட நிலையில் நிறுத்தச் சொல்வது வழக்கம். பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று எண்ணி நெஞ்சு நிறைய மூச்சை அடக்கிக்கொண்டால் உதரவிதானம் கீழே இறங்கி, வயிற்றின் உறுப்புகளை அழுத்தி நிற்கும். படம் சரியாக அமையாமல் மீண்டும் ஒருமுறை எடுக்க நேரலாம். ஓர் எழுத்தின் திரிபு, ஒரு பங்கு கதிர். கர்நாடகத்தில் இப்படிப்பின் முதலாண்டுத் துணைப்பாடங்களுள் கன்னடமும் ஒன்றாக வைக்கப்பட்டதைத் தமிழ் மாணவர் சிலர் சுமையாகக் கருதுவதுண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. அறையில் நிற்கும் நோயாளியின் மொழியில் மூச்சு என்ற சொல்லையாவது அறிந்திருப்பது இத்தொழிலின் ஓர் உபகரணம். கைதேர்ந்தவர்கள் வேறொன்றும் செய்கிறார்கள்: சுவருக்குப் பின்னால் செல்லுமுன் நோயாளியின் எதிரே நின்று, தாமே மூச்சை இழுத்தும் விட்டும் காட்டி, ஒருமுறை அவரையும் செய்யச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறார்கள். மூச்சு முழுமையாக இழுக்கப்பட்டதா என்பதைப் படமே சொல்லும். உதரவிதானத்துக்கு மேலே முன்பக்க விலா எலும்புகள் ஆறு எண்ணக் கிடைத்தால் போதுமானது என்பர்.

பழைய நாளில் இருட்டறையில் பிலிமைக் கழுவி எடுத்தார்கள். கதிர் மிகுந்தால் படம் கருத்துவிடும். எடுத்தவரின் பிழை எல்லார் கண்ணிலும் படும். இப்போது பெரும்பாலும் எண்முறைத் தகடுகள் வந்துவிட்டன. கதிர் இருமடங்கு மிகுந்தாலும் கணினி அதைச் சரிசெய்து அழகிய படமாகக் காட்டிவிடும். கதிர் குறைந்தால் படம் மணல் தூவினாற்போலத் தோன்றும். மருத்துவர் குறை சொல்வார். மிகுந்தால் ஒருவரும் குறை சொல்ல மாட்டார். ஆதலால் ஒவ்வொருவரும் சற்றுக் கூட்டியே வைக்கத் தலைப்பட்டு, ஆண்டுகள் செல்லச் செல்லப் பழக்கமான அளவே உயர்ந்துவிடும் ஆபத்து உண்டு. இதைக் கண்டுகொள்ள ஒவ்வொரு படத்தோடும் இயந்திரம் ஓர் எண்ணைக் காட்டுகிறது; அதைப் பார்க்கும் பழக்கத்தை மாணவப் பருவத்திலேயே ஊட்ட வேண்டும். நம்மைக் கேட்டால், புதிய கருவி வந்தபின் பயிற்சி எளிதாகிவிட்டது என்று சொல்வோரோடு நாம் உடன்பட மாட்டோம். பிழையைத் தானே வெளிக்காட்டிய பழைய பிலிம் ஒரு கண்டிப்பான ஆசிரியர். புதிய தகடு எல்லாவற்றையும் மன்னித்துவிடும் தாத்தா.

அளவைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அறிந்திருக்க வேண்டும். சரியாக எடுத்த ஒரு நெஞ்சுப் படத்தில் நோயாளி பெறுவது ஏறத்தாழ 0.02 மில்லி சீவெர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே ஒரு மனிதர் ஓராண்டில் பெறும் கதிரின் உலகச் சராசரி 2.4 மில்லி சீவெர்ட். நெஞ்சின் சி.டி. படமோ, சாதாரண நெஞ்சுப் படத்தைவிட நூறு மடங்குக்கும் மேலான கதிரைத் தரவல்லது.

மாணவரின் பாதுகாப்புக்கு வருவோம். பெற்றோர் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். கவலைக்குச் சரித்திரத்தில் காரணமும் உண்டு. எடிசனின் உதவியாளராக எக்ஸ்-ரே சோதனைகளில் ஈடுபட்ட கிளாரன்ஸ் டாலி, கைகளில் புற்று வந்து, அவற்றை இழந்து, 1904-இல் இறந்தார். கதிரால் மடிந்த மருத்துவர், ஊழியர் ஆகியோரின் பெயர்களைப் பொறித்த நினைவுக்கல் ஒன்று 1936 முதல் ஹாம்பர்க் நகரத்து மருத்துவமனை வளாகத்தில் நிற்கிறது. அக்காலத்தவர் தம் கையையே கதிரின்முன் நீட்டி இயந்திரத்தைச் சோதித்தனர். இன்று அவ்வாறில்லை. 1983-இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளின்படி, கதிர்த்துறை ஊழியர் ஒருவர் பெறும் அளவு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லி சீவெர்ட்டைத் தாண்டலாகாது. எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டலாகாது. 16 வயது முதல் 18 வயது வரையுள்ள பயிற்சியாளருக்கு வரம்பு 6. ஒழுங்காக நடக்கும் எக்ஸ்-ரே பிரிவில் வேலை செய்வோர் இவ்வரம்புகளின் அருகேகூடச் செல்வதில்லை.

இதை அளந்து சொல்வது மார்பில் அணியும் டி.எல்.டி. பட்டயம். நம் நாட்டில் வழங்கும் பட்டயத்தினுள் ஓர் அலுமினியத் தகட்டில் மூன்று சிறு வில்லைகள் பதிந்திருக்கும். கதிர் பட்டால் அந்த ஆற்றலை அவை தம்முள் சேமித்துவைக்கும். ஆய்வுக்கூடத்தில் சூடேற்றினால் சேமித்ததை ஒளியாக வெளிவிடும். அவ்வொளியை அளந்து, அணிந்தவர் பெற்ற கதிரைக் கணக்கிடுவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இது நடைபெறும். ஈயக் கவசம் அணியும்போது பட்டயம் கவசத்தின் உட்புறம் இருக்க வேண்டும். வீட்டு அலமாரியில் கிடக்கும் பட்டயம் ஒருவரையும் காக்காது என்பதை ஆசிரியர்கள் அலுக்காமல் சொல்லி வருகின்றனர்.

ஒன்றைப் பெற்றோர் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அழும் குழந்தையைப் படமெடுக்கும்போது யாராவது பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஈயக் கவசம் அணிந்து, கதிரின் நேர்வழியில் கை படாதவாறு, குழந்தையின் தகப்பனோ தாயோ பிடிக்கலாம், தாய் கருவுற்றிருக்கலாகாது. நாள்தோறும் அந்த அறையில் நிற்கும் ஊழியரையும் மாணவரையும் அதற்கு வாடிக்கையாக்குவது முறையன்று. ஆள் பற்றாக்குறையுள்ள இடங்களில் மாணவர்களே இதற்கு எளிதில் அகப்படுகிறவர்கள். "மாட்டேன்" என்று மரியாதையோடு சொல்லவும் மாணவருக்குக் கற்பிக்க வேண்டும். சொல்பவருக்குத் துணை நிற்கும் ஆசிரியரும் வேண்டும்.

காந்தப் படம் எனப்படும் எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்-ரே இல்லை. அதனால் அபாயம் இல்லை என்று எண்ணுவது தவறு. மின்சாரத்தை நிறுத்தினால் எக்ஸ்-ரே இயந்திரம் உறங்கிவிடும். மருத்துவமனைகளில் உள்ள பெருங்காந்தமோ நள்ளிரவிலும் விழித்தே இருக்கும். 2018-ஆம் ஆண்டு ஜனவரியில் மும்பையில் நோயாளி ஒருவரின் உறவினர் ஆக்சிஜன் உருளையோடு அவ்வறைக்குள் நுழைந்தபோது, காந்தம் உருளையைப் பற்றி இழுக்க, அவர் உயிரிழந்தார். அவ்வறையின் கதவருகே நிற்கும் மாணவர் கற்க வேண்டியது எவரையும், மூத்த மருத்துவராயினும், விசாரிக்காமல் உள்ளே விடாதிருப்பது.

பெங்களூருக்கு இத்துறையில் பழைய தொடர்பு ஒன்றும் உண்டு. 1959-இல் தோன்றி, 1960 செப்டம்பரில் பிரதமர் நேருவால் தொடங்கிவைக்கப்பட்ட தேசியக் க்ஷயரோக நிலையம் இந்நகரில்தான் இருக்கிறது. நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் வந்த க்ஷயரோகத் தடுப்புக் குழுக்கள் இங்கே பயிற்சி பெற்றன. மருத்துவரும் ஆய்வுக்கூட ஊழியரும் மட்டுமின்றி எக்ஸ்-ரே தொழில்நுட்பரும் அக்குழுவில் ஓர் உறுப்பினர். கபத்தை நுண்ணோக்கியில் பார்த்தலே நோயை உறுதிசெய்ய எளிய வழி என்பதை வற்புறுத்திய நிலையமும் அதுவே. எக்ஸ்-ரே எதைச் சொல்லும் என்பதோடு எதைச் சொல்லாது என்பதையும் கற்றுக்கொண்டு அக்குழுவினர் ஊர் திரும்பினர்.

இப்படிப்பில் பிள்ளைகளைச் சேர்க்க எண்ணும் பெற்றோருக்குச் சில சொற்கள். மருத்துவத் துணைத் தொழில்களுக்கென 2021-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, தேசிய ஆணையம் ஒன்றுக்கு வழிசெய்திருக்கிறது. படிப்பின் தரமும் பதிவும் அதன் பொறுப்பில் வருகின்றன. ஆகவே, கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது, அங்கீகாரம் உண்டா என்பதை முதலில் கேட்டறிக. அடுத்து, பயிற்சி எந்த மருத்துவமனையில் நடக்கிறது என்று கேட்க. அழகிய கட்டடமும் கணினி அறையும் காட்டி, மருத்துவமனையைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றும் இடங்களும் இருக்கின்றன. நாளொன்றுக்கு எத்தனை நோயாளிகள் வருகிறார்கள், விபத்துப் பிரிவு உண்டா, ஓர் ஆசிரியரின் கீழ் எத்தனை மாணவர் நிற்கிறார்கள், மாணவர் ஒவ்வொருவருக்கும் தம் பெயரிலேயே டி.எல்.டி. பட்டயம் கிடைக்குமா, முந்தைய மூன்று மாத அளவுகளை மாணவருக்குக் காட்டுவார்களா என்றெல்லாம் கேட்பதில் தவறில்லை. இயலுமானால், அங்கே இறுதியாண்டு படிக்கும் மாணவர் ஒருவரைத் தனியே சந்தித்து, சென்ற வாரம் தம் கையால் எத்தனை படங்கள் எடுத்தார் என்று வினவுக. அவர் உடனே ஓர் எண்ணைச் சொன்னால் நல்லது. யோசித்தால், வேறு கல்லூரியையும் ஒருமுறை பார்த்துவிட்டு வருவது நலம்.